டெக்சாஸ் ஸ்கூல்ல தினமும் கொடி உறுதிமொழி: பையன் சொல்லணுமா, வேணாமா?

டல்லாஸ்_மழை:

ரொம்ப நாளா இங்க படிக்கிறதோட சரி, இழை தொடங்குறது இதான் முதல் தடவை. நீளமாப் போயிட்டா பொறுத்துக்கோங்க.

நாங்க டல்லாஸ் பக்கம். பையன் மூணாவது, பப்ளிக் ஸ்கூல். பொறந்தது மதுரைல, நாலு வயசுல இங்க வந்தான், இப்பவும் எச்4 விசாதான், அப்பா வேலை விசாவோட ஒட்டி வர்ற குடும்ப விசா. இங்க தினமும் காலைல ஸ்பீக்கர்ல அறிவிப்பு வந்ததும் பிள்ளைங்க எல்லாம் எந்திரிச்சு நெஞ்சுல கைய வச்சு அமெரிக்கக் கொடிக்கு உறுதிமொழி சொல்லணும், அது முடிஞ்ச கையோட டெக்சாஸ் கொடிக்குன்னு தனியா இன்னொண்ணு, அப்புறம் ஒரு நிமிஷம் மௌனம். கே.ஜி.லேர்ந்து சொல்றான், தூக்கத்துல கேட்டாலும் ஒப்பிப்பான். நானும் இதப் பத்தி ஒரு நாளும் யோசிச்சதில்ல, நாமளும் ஊர்ல ப்ரேயர்ல சொல்லி வளந்தவங்கதானே.

போன வியாழக்கிழமை ஸ்கூல் விட்டு வந்தவன் முதுகுல மாட்டின பையக்கூடக் கழட்டாம ஃப்ரிட்ஜ் பக்கத்துல நின்னுக்கிட்டே இருந்தான். என்னடான்னு கேட்டா கண்ணு கலங்கிருச்சு. பக்கத்துல உக்கார்ற பையன் "நீ அமெரிக்கனே இல்லையே, எங்க ப்ளெட்ஜ நீ எதுக்குச் சொல்ற"ன்னு கேட்டிருக்கான். இவன் என்கிட்ட கேக்குறான், "அம்மா, அப்ப நான் தினமும் பொய்யா சொல்றேன்?" எனக்கு வாயடைச்சுப் போச்சுங்க.

சரி, அர்த்தத்தச் சொல்லிக் குடுப்போம்னு உக்காந்தேன். அந்த 'அலீஜியன்ஸ்'ங்குற ஒரு வார்த்தைலயே நின்னுட்டேன். விசுவாசம்னு சொன்னா எனக்கே தாத்தா வீட்டு நாய்தான் ஞாபகம் வருது, பற்றுன்னா அவனுக்கு விளங்கல. கடைசில "உன் கூட நிப்பேன்னு வாக்குக் குடுக்கிறது"ன்னு சொன்னேன். "யார் கூட?"ன்னு கேட்டான். அதுக்கு மேல என்னால சொல்ல முடியல.

வீட்டுக்காரர் "விசாவுல இருக்கோம், இதையெல்லாம் பெருசாக்காத, சொல்லிட்டுப் போறான்"ங்குறார். நான் கேக்குறது ரெண்டுதான். சட்டப்படி இவன் சொல்லியே ஆகணுமா? அதவிட முக்கியமா, எட்டு வயசுப் பிள்ளைய அர்த்தம் தெரியாத ஒரு சத்தியத்த தினமும் செய்ய வைக்கிறது சரியா?

கரிசல்_காடு:

சிஸ்டர், உங்க வேதனை புரியுது, ஆனா வீட்டுக்காரர் சொல்றதுலயும் நியாயம் இருக்கு. நான் கோவில்பட்டிப் பக்கம் ஒரு பஞ்சாயத்து யூனியன் பள்ளிக்கூடத்துல படிச்சவன். வேப்பமரத்தடில மண்ணுல வரிசையா நின்னு வலது கைய முன்னாடி நீட்டி "இந்தியா எனது நாடு. இந்தியர் அனைவரும் என் உடன்பிறந்தவர்கள்"னு சொல்லுவோம். லீடர் ஒரு வரி சொல்லணும், நாங்க திருப்பிச் சொல்லணும். அப்ப அர்த்தம் தெரிஞ்சா சொன்னோம்? ஆனா அத்தன பிள்ளைக குரலும் ஒண்ணாச் சேரும்போது உடம்புல ஒண்ணு ஓடும் பாருங்க, அது இன்னைக்கும் எனக்கு இருக்கு. அர்த்தம் அப்புறமா வரும், பழக்கம் முதல்ல வரட்டும். ஆத்திசூடிய அர்த்தம் தெரிஞ்சா படிச்சோம்? ஒரு நாட்டோட பள்ளிக்கூடத்துல உக்காந்து படிக்கிறோம், அந்தக் கொடிக்கு ஒரு நிமிஷம் நிக்கிறதுல ஒரு குறையும் இல்ல.

சட்டம்_கொஞ்சம்:

முதல்ல சட்டத்துக்கு வர்றேன், ஏன்னா இதுல நிறைய பேருக்குப் பயம்தான் இருக்கு, விவரம் இல்ல.

2003ல டெக்சாஸ் கொண்டுவந்த சட்டப்படி ஒவ்வொரு ஸ்கூல் நாளும் ரெண்டு உறுதிமொழியும் ஒரு நிமிஷ மௌனமும் நடத்தியே ஆகணும். ஆனா அதே சட்டத்துல, பெத்தவங்க எழுத்துல கேட்டா அந்தப் பிள்ளைய உறுதிமொழிலேர்ந்து விட்டுரணும்னும் இருக்கு. காரணம் சொல்லணும்னு அவசியமில்ல. சிட்டிசனா, எச்4ஆங்கிறதும் அதுல பேச்சே இல்ல. அந்த லெட்டர் ஸ்கூலோட நிக்கிற விஷயம், எந்த இமிக்ரேஷன் ஃபார்ம்லயும் இதக் கேக்க மாட்டாங்க.

இதுக்கு மேல அமெரிக்கா முழுசுக்கும் ஒரு சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு இருக்கு. அந்தக் கதைய நம்ம ஆளுங்க எல்லாரும் தெரிஞ்சுக்கணும்.

1935ல பென்சில்வேனியால மைனர்ஸ்வில்னு ஒரு நிலக்கரிச் சுரங்க ஊரு. யெகோவா சாட்சிகள்ங்கிற கிறிஸ்தவப் பிரிவு வீட்டுப் பிள்ளைங்க ரெண்டு பேரு, அக்காவுக்கு 12 வயசு, தம்பிக்கு 10. கொடியக் கும்பிடுறது எங்க வேதத்துக்கு ஆகாதுன்னு சொல்லி வணக்கம் வைக்கல, ஸ்கூல விட்டு எடுத்துட்டாங்க. கேஸ் சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போயி 1940ல எட்டுக்கு ஒண்ணுன்னு தோத்துச்சு. நாட்டு ஒற்றுமைக்காக ஸ்கூல் கட்டாயப்படுத்தலாம்னு தீர்ப்பு. அது வந்த கொஞ்ச நாள்லயே பல ஊர்ல அந்த மதத்துக்காரங்கள கும்பல் கும்பலாப் போய் அடிச்சாங்க, மெய்ன் மாநிலத்துல கென்னபங்க்ங்கிற ஊர்ல அவங்க சபைக் கூடத்தையே கொளுத்துனாங்க. கோர்ட்டே சொல்லிருச்சு இவங்க தேசபக்தி இல்லாதவங்கன்னு, அப்புறம் அடிக்கிறவனுக்கு என்ன தடை.

அந்தத் தீர்ப்பப் பிடிச்சுக்கிட்டு 1942ல வெஸ்ட் வர்ஜீனியா கல்வி போர்டு எல்லாப் பிள்ளைங்களுக்கும் கட்டாயம்னு உத்தரவு போட்டுச்சு. சொல்லலன்னா ஸ்கூல விட்டு நீக்குவாங்க, அப்புறம் ஸ்கூலுக்கு வரலன்னு பெத்தவங்க மேலயே கேஸ் போடுவாங்க. அங்கயும் ரெண்டு சின்னப் பொண்ணுங்க, அக்கா தங்கச்சி. அவங்க கேஸ் 1943 ஜூன் 14ல, அதுவும் இங்க கொடி நாள் கொண்டாடுற அதே நாள்ல, ஆறுக்கு மூணுன்னு ஜெயிச்சுச்சு. மூணு வருஷத்துக்கு முன்னாடி எதிரா ஓட்டுப் போட்ட ஜட்ஜுங்கள்ல மூணு பேரு மனசு மாறி இந்தப் பக்கம் வந்தாங்க. அதுவும் உலகப்போர் நடந்துக்கிட்டிருந்த நேரத்துல. ராபர்ட் ஜாக்சன்ங்கிற நீதிபதி எழுதுன தீர்ப்போட சாரம் என்னன்னா, அரசியல்லயோ தேசப்பற்றுலயோ மதத்துலயோ இதுதான் சரியான கருத்துன்னு விதிக்கிற உரிமை பெரிய அதிகாரிக்கும் கிடையாது, சின்ன அதிகாரிக்கும் கிடையாது. கட்டாயப்படுத்திக் கொண்டுவர்ற ஒற்றுமை கல்லறைல இருக்குற ஒற்றுமைதான்னும் அதுலயே எழுதியிருக்கார்.

இன்னொரு விஷயம், எனக்கு ரொம்ப உறுத்துறது. மைனர்ஸ்வில் கேஸ கோபிட்டிஸ்னும் வெஸ்ட் வர்ஜீனியா கேஸ பார்னெட்டேன்னும் இந்த ரெண்டையும் இன்னைக்கும் சட்டப் புத்தகத்துல படிக்கிறோம், ரெண்டுமே கோர்ட் தப்பா எழுதுன பேரு. அந்தக் குடும்பம் கோபிட்டாஸ், இந்தக் குடும்பம் பார்னெட். நாட்டோட மனசாட்சியவே மாத்துன பிள்ளைங்க பேரக்கூடச் சரியா எழுதல.

ஹூஸ்டன்_டீச்சரம்மா:

நான் ஒரு எலிமென்டரி ஸ்கூல்ல ஆறு வருஷமா உதவி ஆசிரியரா இருக்கேன். சட்டம் தம்பி எழுதுனது எல்லாம் சரி, ஆனா கிளாஸுக்குள்ள என்ன நடக்குதுன்னு நான் சொல்றேன்.

காலைல 7:50. ஒருத்தன் ஷூ லேஸ் கட்டிக்கிட்டிருப்பான், ஒருத்தி ஃப்ரீ ப்ரேக்ஃபாஸ்ட் பால் டப்பாவ இன்னும் உறிஞ்சிக்கிட்டிருப்பா. ஸ்பீக்கர்ல குரல் வந்ததும் நாற்காலி எல்லாம் கிறீச்சுனு பின்னாடி போகும், பாதிப் பேருக்கு இடது கையா வலது கையான்னே தெரியாது. முப்பத்தோரு வார்த்தை, பதினஞ்சு செகண்டுல முடிஞ்சிரும். 'இன்டிவிசிபிள்'ங்கிறத (பிரிக்க முடியாத) 'இன்விசிபிள்'னு (கண்ணுக்குத் தெரியாத) சொல்ற பிள்ளைங்க வருஷா வருஷம் இருக்கும். நான் குனிஞ்சு திருத்துவேன், அடுத்த நாள் திரும்ப அதையேதான் சொல்லும்.

இதச் சொல்றதுக்குக் காரணம், அந்தப் பதினஞ்சு செகண்டுல பிள்ளைங்க யாருக்கும் தேசபக்தி வந்து நான் பாத்ததில்ல, ஆனா அந்தப் பதினஞ்சு செகண்டுல யார் வேறயா இருக்கான்னு எல்லாப் பிள்ளையும் பாத்துரும். ரெண்டு வருஷம் முன்னாடி ஒரு பொண்ணு, அவங்க மதத்துல இது கூடாது, வீட்லேர்ந்து லெட்டரும் வந்து ஃபைல்ல இருக்கு. அமைதியா உக்காந்திருப்பா. ஒரு நாள் மாத்து டீச்சர் வந்தாங்க, அவங்களுக்குத் தெரியாது, கிளாஸ் முன்னாடி வச்சு "எந்திரி, இது என்ன மரியாதை"ன்னு சத்தம் போட்டாங்க. நான் ஓடிப் போய்க் காதுல சொல்றதுக்குள்ள அந்தப் பிள்ளை எந்திரிச்சிட்டா. கை நெஞ்சுக்குப் போகாம பாதில நடுங்குச்சு, வாய மூடிக்கிட்டு நின்னா. அன்னைக்கு லஞ்சுல அவ பக்கத்துல யாரும் உக்காரல. நான்தான் தட்ட எடுத்துக்கிட்டுப் போய் உக்காந்தேன்.

மழை, நீங்க லெட்டர் குடுத்தா ஆஃபீஸ்ல மட்டும் குடுத்துட்டு விட்டுராதீங்க, கிளாஸ் டீச்சர்கிட்ட நேர்ல ஒரு வார்த்தை பேசுங்க. பையன ஸ்கூல்ல வச்சுக் காப்பாத்துறது அந்தப் பேச்சுதான்.

அக்டோபர்_சிட்டிசன்:

மன்னிக்கணும், நான் கொஞ்சம் மாறுபடுறேன். பதினாறு வருஷம் கிரீன் கார்டு வரிசைல நின்னு போன வருஷம்தான் சிட்டிசன் ஆனேன். அந்த ஹால்ல பக்கத்துல எத்தியோப்பியா அம்மா ஒருத்தங்க, அந்தப் பக்கம் வியட்நாம் பெரியவர், எல்லாரும் கைய உயர்த்தி சத்தியம் பண்ணி முடிச்சு, அப்புறம் இதே உறுதிமொழிய நெஞ்சுல கை வச்சுச் சொன்னோம். எனக்குக் குரலே வரல. என் இந்தியப் பாஸ்போர்ட்ட ஒப்படைக்கணுமேங்கிற வலியும் இருந்துச்சு, ஒரு இடம் கிடைச்சிருச்சுங்கிற நிம்மதியும் இருந்துச்சு.

1940ல கட்டாயப்படுத்தலாம்னு தீர்ப்பு எழுதுன ஃபெலிக்ஸ் ஃப்ராங்க்ஃபர்ட்டர் யாரு தெரியுமா? வியன்னால பொறந்த யூதர், 1894ல சின்னப் பையனா ஒரு வார்த்தை இங்கிலீஷ் தெரியாம நியூயார்க்ல வந்து இறங்குனவர். இந்த நாட்டுப் பப்ளிக் ஸ்கூல்தான் அவர ஆளாக்குச்சு. 1943ல மத்தவங்க எல்லாம் மாறுனப்பவும் அவர் மாறல, உலகத்துலயே அதிகமாத் துன்புறுத்தப்பட்ட சிறுபான்மைல பொறந்தவன் நான்னு தொடங்கி மறுப்புத் தீர்ப்பு எழுதுனார். அவருக்குச் சுதந்திரத்தோட அருமை தெரியாதுன்னு சொல்ல முடியுமா? பல தேசத்துப் பிள்ளைங்க வந்து சேர்ற ஒரு ஸ்கூல்ல எல்லாரையும் கட்டுறதுக்கு ஒரு கயிறு வேணும்னு நினைச்சார். நானும் அப்படித்தான் நினைக்கிறேன். அந்தப் பையன் "நீ அமெரிக்கன் இல்ல"ன்னு சொன்னதுக்குப் பதில் உங்க பிள்ளை இன்னும் சத்தமாச் சொல்றதுதானே தவிர, வாய மூடுறது இல்ல. வாய மூடுனா அவன் சொன்னத நாமளே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிரும்.

முதல்_பெஞ்ச்:

சிட்டிசன் அண்ணே, நீங்க சொன்ன அந்த ஹால் சம்பவமே உங்களுக்கு எதிரா நிக்குது. வயசு வந்து, யோசிச்சு, பழசு எதை விடுறோம்னு தெரிஞ்சு ஒரே ஒரு தடவ சொன்னீங்க, அதனாலதான் குரல் வரல. அதையே அஞ்சு வயசுலேர்ந்து தினமும் ஷூ லேஸ் கட்டிக்கிட்டே சொல்லியிருந்தா அன்னைக்குக் குரல் அடைச்சிருக்குமா?

நான் சேலம் மாவட்டத்துல ஒரு கிராமத்துல படிச்சவன். நம்ம பாடப்புத்தகத்த எல்லாரும் ஒரு தடவ நினைச்சுப் பாருங்க. முன்பக்கத்துல பெருசா அச்சடிச்சிருக்கும், "தீண்டாமை ஒரு பாவச்செயல், தீண்டாமை ஒரு பெருங்குற்றம், தீண்டாமை மனிதத்தன்மையற்ற செயல்". எங்க வாத்தியார் அதையும் உறுதிமொழியோட சேத்து ப்ரேயர்ல சொல்ல வைப்பார். என் குரல் கணீர்னு இருக்கும்னு என்னையத்தான் லீடரா நிறுத்துவாங்க. நான் சொல்லுவேன், முந்நூறு பிள்ளைங்க திருப்பிச் சொல்லும். சாயங்காலம் எங்கப்பா கூட டீக்கடைக்குப் போவேன். எங்களுக்கு டீ வர்றது ஓட்டுக்கு வெளில ஆணில மாட்டியிருக்குற அலுமினிய டம்ளர்ல. குடிச்சிட்டு நாங்களே கழுவி மாட்டணும். உள்ள பெஞ்சுல கண்ணாடி கிளாஸ்ல டீ குடிக்கிறவங்க பிள்ளைங்க காலைல எனக்குப் பின்னாடி நின்னு "பெருங்குற்றம்"னு திருப்பிச் சொன்னவங்கதான். அவங்க பொய் சொல்லல, அது அவங்களுக்கு ஒரு சத்தம், அவ்ளோதான்.

"இந்தியர் அனைவரும் என் உடன்பிறந்தவர்கள்"ங்கிறத 1962ல எழுதுனவர் பைடிமர்ரி வெங்கட சுப்பாராவ், விசாகப்பட்டினத்துல கருவூல அதிகாரியா இருந்த தெலுங்குக்காரர். மனசார எழுதியிருக்கார், அந்த வரிகள்ல ஒரு குத்தமும் இல்ல. எங்க ஊர்ல அந்த வரிய வச்சு ஒரு வாத்தியார் ஒரு நாள், ஒரே ஒரு நாள், "அப்ப ஏண்டா ரெண்டு டம்ளர்"னு கேட்டிருந்தா அதுதான் கல்வி. யாரும் கேக்கல. கேக்காம இருக்குறதுக்கு அந்த ஒப்பிக்கிறதே வசதியாப் போச்சு, சொல்லியாச்சு, கடமை முடிஞ்சதுன்னு எல்லாரும் கலைஞ்சு போயிட்டோம்.

உட்லண்ட்ஸ்_தமிழச்சி:

சிங்கப்பூர்லேர்ந்து எழுதுறேன். இங்கேயும் தினமும் ஸ்கூல் அசெம்ப்ளில உறுதிமொழி உண்டு, வலது கைய மூடி இடது நெஞ்சுல வச்சுச் சொல்லணும். 1966ல அத எழுதுனவர் எஸ். ராஜரத்தினம், யாழ்ப்பாணம் வட்டுக்கோட்டைல பொறந்த தமிழர். 1964ல இங்க இனக்கலவரம் நடந்து ரெண்டே வருஷம் ஆயிருந்த நேரம், அதனாலதான் இனம், மொழி, மதம் பாக்காம ஒண்ணா இருப்போம்னு முதல்லயே வச்சார். என் பொண்ணு ஸ்கூல்ல ஒரு தடவ அந்த வரிக்கு என்ன அர்த்தம், உன் கிளாஸ்ல அது நடக்குதான்னு எழுதிட்டு வரச் சொன்னாங்க. நாங்க சமைக்கிற வாசனையப் பத்தி ஒருத்தி சொன்னத அவ எழுதிட்டுப் போனா, டீச்சர் அத வாசிக்க வச்சுப் பேச வச்சாங்க. அதனால நான் முழுசா வேணாம்னு சொல்ல மாட்டேன். ஆனா இங்க யெகோவா சாட்சிகள் அமைப்பு 1972லேர்ந்து தடைல இருக்கு. மத வேறுபாடு பாக்க மாட்டோம்னு சொல்ற உறுதிமொழிய மதத்துக்காகச் சொல்ல மறுக்குற ஒரு பிள்ளை வந்தா என்ன செய்யிறது? எனக்கு இதுக்குப் பதில் தெரியேல்ல... இல்ல, தெரியுது, சொல்றதுக்குத்தான் கஷ்டமா இருக்கு. அந்தப் பிள்ளைய விட்டுரணும்.

டொரோண்டோ_பனை:

நான் ஈழத்தில பிறந்தனான். சத்தியம் எண்டால் எங்களுக்கு வேற ஞாபகம் வரும். 1983 ஓகஸ்டில ஆறாவது திருத்தம் எண்டு கொண்டுவந்து, பிரிவினைக்கு எதிரா சத்தியம் செய்யாட்டி பாராளுமன்றத்தில இருக்கேலாது எண்டு ஆக்கினவை, தமிழ் எம்பிமார் செய்ய மறுத்துப் பதவியள இழந்தவை. அதுவும் ஜூலைக் கலவரம் நடந்து கொஞ்ச நாளிலயே. பயத்தில வாங்கிற சத்தியம் அன்பத் தராது. இஞ்ச ஒன்டாரியோவில பள்ளிக்கூடங்களில 'ஓ கனடா' போடுவினம், என்ர மகள் விருப்பத்தோட பாடுறாள், எனக்கும் சந்தோசம்தான். அவளிட்ட ஆரும் கேட்டு வாங்கேல்ல எண்டதாலதான் அந்தச் சந்தோசம்.

கரிசல்_காடு:

முதல் பெஞ்ச் தம்பி எழுதுனதப் படிச்சிட்டு ராத்திரி தூக்கம் வரல. எங்க ஊர் டீக்கடைலயும் ஓட்டுல டம்ளர் தொங்குச்சு, நான் உள்ள பெஞ்சுல உக்காந்தவன். அந்த வேப்பமரத்தடில உடம்புல ஓடுச்சுன்னு எழுதுனேன்ல, அது உண்மை, இப்பவும் இல்லன்னு சொல்ல மாட்டேன். ஆனா எனக்குப் பக்கத்துல நின்னு சொன்னவனுக்கு என்ன ஓடுச்சுன்னு நான் ஒரு நாளும் கேக்கல. பழக்கம் முதல்ல, அர்த்தம் அப்புறமா வரும்னு எழுதுனத வாபஸ் வாங்கிக்கிறேன். எனக்கு அர்த்தம் வர நாப்பது வருஷம் ஆயிருக்கு.

சட்டம்_கொஞ்சம்:

ஒரு விஷயம் விட்டுட்டேன். டெக்சாஸ் சட்டத்துல ஒரு ஓட்டை இருக்கு. லெட்டர் குடுக்குற உரிமை பெத்தவங்களுக்குத்தான், பிள்ளைக்கு இல்ல. 1943 தீர்ப்போ பிள்ளையவே கட்டாயப்படுத்தக் கூடாதுங்குது. இது ரெண்டும் மோதுது. ஹூஸ்டன் பக்கத்துல 2017ல 17 வயசுப் பொண்ணு ஒருத்திய, எந்திரிக்கலன்னு ஸ்கூல விட்டு வெளிய அனுப்பி, அது கோர்ட்டுக்குப் போச்சு, 2018ல மாநில அரசோட தலைமை வக்கீலான அட்டர்னி ஜெனரலே சட்டத்துக்கு ஆதரவா உள்ள வந்தார். ஃப்ளோரிடால இதே மாதிரி சட்டத்த 2008ல அட்லாண்டால இருக்குற அப்பீல் கோர்ட், பெத்தவங்க உரிமைன்னு சொல்லிப் பெரும்பாலும் ஏத்துக்கிச்சு. அதனால மழை, பையன் தானாச் சொல்லாம இருந்து மாட்டிக்கிறதுக்கு முன்னாடி உங்க கையெழுத்துப் போட்ட லெட்டர் உள்ள இருக்கட்டும்.

நம்ம ஊர்லயும் இது நடந்திருக்கு. 1985ல கேரளால கோட்டயம் மாவட்டத்துல மூணு பிள்ளைங்க, அதே யெகோவா சாட்சிகள். தேசிய கீதம் பாடுறப்ப மரியாதையா எந்திரிச்சு நிப்பாங்க, வாய் திறந்து பாட மாட்டாங்க, அவ்ளோதான். ஸ்கூல விட்டு எடுத்தாங்க, ஹைகோர்ட்ல தோத்தாங்க, 1986 ஆகஸ்ட் 11ல சுப்ரீம் கோர்ட் திரும்பச் சேக்கச் சொல்லிருச்சு. நீதிபதி சின்னப்ப ரெட்டி கடைசில எழுதுனது, நம்ம மரபு சகிப்புத்தன்மையப் போதிக்குது, நம்ம அரசியல் சட்டம் அத நடைமுறைல காட்டுது, அத நாம நீர்த்துப்போக விடக் கூடாதுன்னு.

அப்புறம் உங்க பையனுக்கு ஒண்ணு சொல்லுங்க. 1892ல ஃப்ரான்சிஸ் பெல்லமிங்கிற பாதிரியார் இத எழுதுனப்ப "என் கொடிக்கு"ன்னுதான் இருந்துச்சு. 'கடவுளின் கீழ்'ங்கிற வார்த்தையும் அப்ப கிடையாது, அது 1954ல சேத்தது. 1923ல "என் கொடி"ய எடுத்துட்டு "அமெரிக்காவின் கொடி"ன்னு மாத்துனாங்க. ஏன்னா வெளிநாட்டுலேர்ந்து வந்த பிள்ளைங்க மனசுல 'என் கொடி'ன்னா பொறந்த ஊர்க் கொடிய நினைச்சுக்குவாங்களோன்னு சந்தேகம். நூறு வருஷத்துக்கு முன்னாடியே இவன மாதிரி ஒரு பையன் அந்த வரிசைல நின்னிருக்கான்.

டல்லாஸ்_மழை:

எல்லாருக்கும் எப்படி நன்றி சொல்றதுன்னு தெரியல. நேத்து ராத்திரி வீட்டுக்காரரும் உக்காந்து முழு இழையும் படிச்சார். முதல் பெஞ்ச் எழுதுன டம்ளர் கிட்ட வந்ததும் ஃபோன வச்சிட்டுக் கொஞ்ச நேரம் பேசல.

அப்புறம் பையன நடுவுல உக்கார வச்சு அந்த வெஸ்ட் வர்ஜீனியா அக்கா தங்கச்சி கதையச் சொன்னோம். அவன் முதல்ல கேட்டது, "கோர்ட்டே பேரத் தப்பா எழுதிருச்சா?" அவன் பேரு நாலு எழுத்துக்கு மேல போகும்னு கிளாஸ்ல சுருக்கித்தான் கூப்பிடுவாங்க, அதனால அவனுக்கு அது பட்டிருக்கு. சரி, நீ என்னடா பண்ணப் போறன்னு கேட்டேன். ரொம்ப நேரம் யோசிச்சிட்டு, "எந்திரிச்சு நிப்பேன், அது மரியாதை. கைய வைக்க மாட்டேன், ஏன்னா நான் யார் கூட நிக்கிறேன்னு எனக்கு இன்னும் தெரியல. கடைசி வரி மட்டும் சொல்லட்டுமா, அது எல்லாருக்கும்தானே?"ன்னான். கடைசி வரி, எல்லாருக்கும் சுதந்திரமும் நீதியும்னு வர்றது.

சிட்டிசன் அண்ணா, நீங்க எழுதுனதையும் அவன்கிட்ட சொன்னேன், மறைக்கல. பெரியவனாகி நான் அந்த மாதிரி ஹால்ல நின்னா முழுசாச் சொல்றேன்னான்.

லெட்டர வீட்டுக்காரரே டைப் பண்ணிக் கையெழுத்துப் போட்டார். நாளைக்குக் காலைல நானே கிளாஸ் டீச்சர நேர்ல பாக்கப் போறேன். அந்தப் பக்கத்து சீட் பையனோட அம்மா நம்பரும் வாங்கலாம்னு இருக்கேன், ஒரு நாள் வீட்டுக்குக் கூப்பிடணும்.

ஹூஸ்டன்_டீச்சரம்மா:

லெட்டர்ல ரெண்டு உறுதிமொழியையும் தனித்தனியாக் குறிப்பிடுங்க மழை, அமெரிக்கக் கொடி, டெக்சாஸ் கொடின்னு. இல்லன்னா ஒண்ணுக்குத்தான்னு சொல்லிருவாங்க. தேதி போடுங்க, ஒரு காப்பி எடுத்து வச்சுக்கோங்க. "மாத்து டீச்சர் ஃபோல்டர்லயும் இத வைக்கவும்"னு கீழ ஒரு வரி கண்டிப்பாச் சேருங்க.